கடுகுக்குத் தனித் தட்டு

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பூனைக்குட்டிகள். ஒன்று 360 கிராம், இன்னொன்று 210. போன மே மாதம் இரண்டும் என் கைக்கு வந்து சேர்ந்தபோது, சின்னதைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: "ஒரு ஈத்துல ஒண்ணு அப்படித்தான் இருக்கும். தேறினா தேறும், இல்லன்னா இல்ல." அப்படி இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகியிருக்கும், ராத்திரித் தூக்கமும் மிச்சமாகியிருக்கும். அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் நடுவில் தராசு பற்றி எழுதியிருக்கும் இடத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

நாங்கள் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில், மாடி வீடு. வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை வந்தால் ஞாயிறு ராத்திரி பஸ் ஏறிவிடுவார். நான் வீட்டிலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் பின்னால் குட்டி போட்டிருந்த பூனை, ஹைவே சர்வீஸ் ரோட்டில் அடிபட்டுச் செத்துப்போனது. இஸ்திரிக்கார அண்ணன் பாக்கெட் பாலை மூடியில் ஊற்றி வைத்துப் பார்த்திருக்கிறார். அப்புறம் ஒருநாள் காலையில் அட்டைப்பெட்டியோடு படியேறி வந்துவிட்டார். "டீச்சர், நீங்கதான் வீட்லயே கீறீங்க. நான் துணியைப் பாக்கறதா, இதுங்களைப் பாக்கறதா?" என்றார். நியாயமான கேள்விதான். பெரியது ஆரஞ்சு நிறக் கடுவன், அதற்குப் பூசணி என்று பெயர் வைத்தேன். சாம்பல் கோடு போட்ட பெட்டைக்குக் கடுகு.

முதலில் வயதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் சாப்பாடு வயதைப் பொறுத்தது. பிறந்த ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும். இரண்டு மூன்று வாரத்தில் முன்பல் எட்டிப்பார்க்கும், மூன்று நான்கு வாரத்தில் கோரைப்பல். என்னிடம் வந்தபோது இரண்டுக்கும் கோரைப்பல் இருந்தது, காது நிமிர்ந்திருந்தது, நடந்தன. அதாவது நாலு வாரம் தாண்டியவை. பால் மட்டும் குடிக்கும் கட்டம் முடிந்து, குழைத்த சாப்பாட்டை நக்கத் தொடங்கும் கட்டம். மூன்று வாரத்துக்கும் குறைந்த குட்டி கிடைத்தால் கதையே வேறு. ஈரப் பஞ்சால் அடிப்பகுதியைத் தடவிவிட்டால்தான் அது மூத்திரமே போகும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும். எனக்கு அந்த அளவுக்குச் சோதனை வரவில்லை.

வந்த அன்றே இரண்டுக்கும் வயிற்றுப்போக்கு. கீழ்வீட்டு ஆயா, "பால்ல தண்ணி கலந்து குடு, சரியாப் பூடும்" என்றார். பாலே வேண்டாம் என்பதுதான் சரி. பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை பூனைக்குட்டிக்குச் சரியாகச் செரிப்பதில்லை, புரதமும் தாய்ப்பூனையின் பாலில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். தண்ணீர் கலந்தால் இருக்கிற சத்தும் போய்விடும். செரிக்காத பால் வயிற்றால் போகும்போது உடம்பில் இருக்கும் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகிறது. பூசணிக்கு அது ஒருநாள் தொல்லை. கடுகின் உடம்பில் இழப்பதற்கு என்ன இருக்கிறது?

பெட் ஷாப்புக்குப் போனேன். பூனைக்குட்டிக்குப் பால் பவுடர் என்று தெளிவாகத்தான் கேட்டேன். கடைக்காரர் ஒரு டின்னை எடுத்து, "ரெண்டுக்கும் ஒண்ணுதான் மேடம்" என்று எழுநூறு ரூபாய்க்குக் கொடுத்தார். வீட்டில் வந்து பார்த்தால் டின்மேல் நாய்க்குட்டிப் படம். அதோடு தள்ளிவிட்ட பால் புட்டியின் ரப்பரில் ஓட்டையே இல்லை. நாமே போட்டுக்கொள்ள வேண்டுமாம். நாய்க்குட்டிப் பவுடரை ஒரு வேளை கொடுத்தால் உயிர் போகாது, ஆனால் பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும், நாயின் தேவை வேறு. பூனைக்குட்டிக்கென்றே இருக்கும் பவுடரை ஆன்லைனில் வரவழைத்தேன், அதற்கு ஆயிரத்துக்கு மேல் ஆனது. அது வரும் வரைக்கும் கைகொடுத்தது 'கிட்டன்' என்று எழுதியிருக்கும் ஈர உணவுப் பாக்கெட். ஐம்பது ரூபாய்க்குள்தான். அதில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, கட்டியில்லாமல் கரண்டியால் மசித்து வைத்தால் நாலு வாரக் குட்டி நக்கிச் சாப்பிடும். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஒரே தட்டில் வைத்தேன், இரண்டும் தலையைக் கவிழ்த்துச் சாப்பிட்டன. தட்டு காலியானது. இரண்டு மூஞ்சியிலும் மீசையிலும் குழம்பிய சாப்பாடு ஒட்டியிருந்தது. யார் பார்த்தாலும் இரண்டும் சாப்பிட்டுவிட்டன என்றுதான் சொல்வார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. பூசணி முன்னங்கால் இரண்டையும் தட்டுக்குள் வைத்து, தொண்டைக்குள் உறுமிக்கொண்டே தின்றான். கடுகு தட்டின் விளிம்பை நக்கினாள், அப்புறம் பூசணியின் காதில் தெறித்திருந்ததை நக்கினாள், அவன் உதறியதும் பின்வாங்கித் தரையில் சிந்தியதை நக்கினாள். வாய் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது, உள்ளே ஒன்றும் போகவில்லை.

அன்றைக்கே சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன், ஒரு கிராம் வரைக்கும் காட்டுவது. நானூறு ரூபாய் ஆனது. இத்தனை செலவில் உருப்படியான செலவு அது ஒன்றுதான். காலி டப்பாவை வைத்துச் சுழியமாக்கிவிட்டுக் குட்டியை உள்ளே விட வேண்டும். அப்போது தெரிந்தவைதான் மேலே சொன்ன 360, 210. அடுத்து, சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை, சாப்பிட்ட கையோடு ஒருமுறை எடை போட்டேன். பூசணி 22 கிராம் ஏறியிருந்தான். கடுகு 2 கிராம். அந்த 2 கிராமிலும் மூஞ்சியில் ஒட்டியிருந்தது எவ்வளவோ!

தினமும் ஒரே நேரத்தில், காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் எடை போடுங்கள். கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன், அது போதும். குட்டி ஒரு நாளைக்குப் பத்து பதினைந்து கிராம் ஏற வேண்டும். ஒருநாள் ஏறாவிட்டால் கவனியுங்கள், அடுத்த நாளும் ஏறாவிட்டாலோ எடை இறங்கினாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். பூனைக்குட்டியைக் கண்ணால் பார்த்து எடை சொல்ல முடியாது. முடி புசுபுசுவென்று இருக்கும், வயிறு உப்பி இருக்கும், ஆள் கொழுகொழுவென்றுதான் தெரியும். கடுகு 211, 214, 212 என்று நின்ற இடத்திலேயே நின்றபோதும் பார்க்க அழகாகத்தான் இருந்தாள்.

ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். பெரிய நாய்களை ஏற்றி நிறுத்தும் தராசில் வைத்தார்கள். 0.2 என்று காட்டியது, கொஞ்சம் யோசித்து 0.3 என்று மாறியது. ஒரு ஊசி, ஒரு டானிக், ஒரு சத்து மருந்து, பில் ஆயிரத்து நூறு. பல் ஈறைப் பார்க்கவில்லை, முடியை விலக்கிப் பார்க்கவில்லை. "இது பொறவியிலயே வீக்கும்மா, ரொம்ப ஆசை வெக்காதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, பூனைக்கா அழுவுறீங்க?" என்றார். ஆமாம், பூனைக்குத்தான்.

அன்று ராத்திரிதான் மோசமானது. வேலூர் மே மாதம் எப்படி இருக்கும் என்று தெரியும். கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டும், மாடி வீட்டுத் தளம் விடியும் வரை சூட்டைக் கக்கும். ஏர் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஊரில், இந்த மாதத்தில் ஒரு உயிர் குளிரில் வாடும் என்று எந்த மனுஷனுக்குத் தோன்றும்? கடுகு பெட்டியின் மூலையில் துவண்டு கிடந்தாள். தூக்கினால் கழுத்து நிற்கவில்லை. வாய்க்குள் விரல் வைத்தேன், ஜில்லென்று இருந்தது. ஈறு ரோஸ் நிறமாக இருக்க வேண்டியது, வெள்ளைத் தாள் நிறத்தில் இருந்தது. இளைத்த குட்டிக்குச் சூட்டைப் பிடித்து வைக்கத் தோலுக்கடியில் கொழுப்பு கிடையாது, கூலர் காற்றோடு வரும் ஈரம் அதற்கு மார்கழி. பூசணியோ துணி முழுவதையும் அடைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

குட்டி ஜில்லிட்டிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். குளிர்ந்த உடம்பில் வயிறு வேலை செய்யாது, ஊற்றியது நுரையீரலுக்குப் போகவும் வாய்ப்புண்டு. முதலில் சூடு. இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி (கொதிநீர் கூடாது), பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைத்தேன். மறுபாதி காலியாக இருக்க வேண்டும், சூடு அதிகமானால் அது நகர்ந்து போக இடம் வேண்டுமே. கூலரையும் ஃபேனையும் நிறுத்தியாயிற்று. நான் வியர்வையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவசரத்துக்குத் துளித் தேனை விரல் நுனியில் தொட்டு ஈறில் தடவலாம், விழுங்கத் தேவையில்லாத அளவுக்குக் கொஞ்சமாக. தாழ்ந்துபோன சர்க்கரை அளவை அது தற்காலிகமாகத் தாங்கும். வீட்டுக்காரருக்கு போன் போட்டேன், அவரும் அங்கிருந்து என்ன செய்வார்? அதிகாலையில் வாய்க்குள் கொஞ்சம் வெதுவெதுப்பு வந்தது, மெல்லிய குரலில் ஒருமுறை கத்தினாள். அதற்கப்புறம்தான் சிரிஞ்சில் பால்.

விடிந்ததும் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். அரசு கால்நடை மருத்துவமனையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆடு மாடு கோழிக்குத்தான் என்று நினைத்து பூனைக்காரர்கள் பலர் போவதே இல்லை. எனக்கு முன்னால் இரண்டு வெள்ளாடு, ஒரு கன்றுக்குட்டி. டாக்டரம்மா கடுகின் ஈறை அழுத்திப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், வாலுக்கு மேலே முடியை விலக்கினார். மிளகுத்தூள் தூவியது மாதிரி கறுப்புப் பொடி. அதை நனைத்த வெள்ளைப் பஞ்சில் வைத்துத் தேய்த்தார். பஞ்சு செம்பழுப்பாக மாறியது. "பாருங்கம்மா, இது அழுக்கு இல்ல. தெள்ளுப்பூச்சி குடிச்ச ரத்தம், அதோட கழிவா வெளிய வந்திருக்கு" என்றார். இரண்டு குட்டி மேலும் தெள்ளுப்பூச்சி இருந்தது. பூசணியின் உடம்பு அந்த ரத்த இழப்பைத் தாங்கிக்கொண்டது, கடுகால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான் 'பொறவி வீக்'. இந்தப் பஞ்சுச் சோதனையை நீங்களே வீட்டில் செய்யலாம், காசு செலவில்லை.

காலண்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் புதிது. குட்டிக்கு வாரத்துக்குச் சுமார் நூறு கிராம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. நாலரை வாரத்துக்கு 450 கிராம் பக்கம் இருக்க வேண்டும். "உங்க பெரிய குட்டியே பெருசு இல்லம்மா. அதுவும் எடை கம்மிதான்." எல்லாரும் பூசணியை வைத்துக் கடுகை அளந்துகொண்டிருந்தோம், அளவுகோலே குட்டையாக இருந்திருக்கிறது.

தெள்ளுப்பூச்சிக்கு மருந்து போடும் வயதோ தெம்போ கடுகுக்கு இல்லை. நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பால் வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கி முக்கி எடுக்க வேண்டும். காலை மாலை இரண்டு வேளையும் செய்தேன், பெட்டித் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டேன். அந்த ஒரு காரியத்துக்கு வேலூர் வெயில் உதவியது. கடையில் நாய்க்கு விற்கும் தெள்ளுப் பவுடரையோ சொட்டு மருந்தையோ பூனைமேல் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பல பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்தவை. நாய்க்கு ஒன்றும் ஆகாது, பூனை வலிப்பு வந்து செத்தே போகலாம். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுப்பதும் அப்படித்தான், பூனைக்கு அது விஷம்.

அடுத்தது குடற்புழு. தெருப் பூனையின் குட்டி என்றால் தாய்ப்பால் வழியாகவே புழு வந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வார வயதிலிருந்தே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்கலாமாம். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. 'ஆளுக்கு அரை மில்லி' என்று சமமாகக் கொடுத்தால் பெரியதுக்குப் போதாமல் போகும், இல்லையென்றால் சின்னதுக்கு அதிகமாகிவிடும். டாக்டரம்மா என் தாளில் இருந்த எடையைப் பார்த்துத்தான் இரண்டுக்கும் தனித்தனி அளவு எழுதிக் கொடுத்தார். மறுநாள் அவை வெளிக்குப் போகும் மண் தட்டில் கண்டதை இங்கே வர்ணிக்கவில்லை, சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இருப்பீர்கள்.

சாப்பாடு தனித்தனியாக. கடுகுக்குக் குளியலறையில் கதவைச் சாத்தி, பூசணிக்கு ஹாலில், ஒரே நேரத்தில். கடுகுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அதிக வேளை, ராத்திரியில் ஒருமுறை எழுந்தும் கொடுத்தேன். நக்கிச் சாப்பிட்டது போக மீதியைச் சிரிஞ்சில். குழந்தைக்குப் புகட்டுவது போல மல்லாத்திப் பிடிக்கக் கூடாது. வயிறு கீழே இருக்கும்படி துண்டுமேல் உட்காரவைத்து, வாயின் ஓரத்தில் சிரிஞ்சை வைத்து, அது விழுங்க விழுங்கச் சொட்டுச் சொட்டாக. மூக்கில் பால் குமிழ் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பிறகும் மூச்சு இரைத்தால் டாக்டர்தான்.

சாப்பாடு தனியென்றால் வாழ்க்கையும் தனி என்று அர்த்தமில்லை. பெரியது நசுக்கிவிடும், சின்னதை வேறு ரூமில் வை என்று பலர் சொன்னார்கள். ஒரு ராத்திரி வைத்தும் பார்த்தேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், காலையில் எடை 3 கிராம் இறங்கியிருந்தது. சாப்பிட்டு முடிந்ததும் இரண்டையும் ஒன்றாக விட்டால் பூசணி அவளை மூஞ்சியிலிருந்து வால் வரை நக்கிவிடுவான் (சாப்பாட்டு வாசனைக்காகவும் இருக்கலாம்), அவன் முதுகுச் சூட்டில் அவள் தூங்குவாள். விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டிகள் ஒன்றிடம் ஒன்றுதான் கற்றுக்கொள்கின்றன.

கடி என்றதும் ஞாபகம் வருகிறது. தெருவிலிருந்து எடுத்த குட்டி கடித்தாலோ கீறினாலோ, அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, ரேபிஸ் தடுப்பூசி போடப் போய்விடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு இல்லாமல் போடுகிறார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

சிரிஞ்சை விட்டபிறகு வேகவைத்த கோழிக்கறி கொடுத்தால் கிடுகிடுவென ஏறும் என்று பிரியாணிக் கடை வைத்திருக்கும் எங்கள் மாமா சொன்னார். ஏறும்தான். ஆனால் வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து கிடையாது, அதையே தின்று வளரும் குட்டிக்கு எலும்பு வளைந்துபோகும். குட்டி உணவோடு தொட்டுக்கொள்ள வைத்துக்கொள்ளலாம், அதுவும் உப்பு, வெங்காயம், பூண்டு படாமல். தயிர்சாதம் பூனைக்குச் சாப்பாடே இல்லை. ஆயாவிடம் இதை இன்னும் என்னால் நிரூபிக்க முடியவில்லை.

புழு போனபிறகு காலண்டர் தாளில் 219, 231, 243 என்று ஏறத் தொடங்கியது. 243ஐ எழுதிவிட்டு வீட்டுக்காரருக்கு அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினேன், அவர் பதிலுக்கு ஒரு லட்டுப் படம் அனுப்பினார். எட்டு வாரத்தில் பூசணி 880, கடுகு 590. முதல் தடுப்பூசியை அவனுக்கு அப்போதே போட்டார்கள். கடுகுக்கு வயிறு மறுபடி கொஞ்சம் கலங்கியிருந்ததால், நன்றாகத் தேறட்டும் என்று தள்ளிப் போட்டார்கள். இந்த மாதிரித் தள்ளிப்போடும்போது வெளிப் பூனைகளை அண்டவிடக் கூடாது, நாய்களுக்கு வரும் பார்வோ மாதிரியான வைரஸ் பூனைக்கும் உண்டு, அது செருப்போடுகூட வீட்டுக்குள் வரும். கோடைச் சிறப்பு வகுப்பில் சேரவிருந்த நாலு பிள்ளைகளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன், அந்த வருமானம் போனது போனதுதான்.

வளர்க்கக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் பூசணியை மட்டும் கேட்டார்கள். ஒன்றாகக் கொடுப்பதாக இருந்தால் கொடுக்கிறேன் என்றேன், யாரும் திரும்பி வரவில்லை. இரண்டும் இங்கேயே தங்கிவிட்டன. கடுகு இப்போதும் அவனைவிடச் சின்னவள்தான், தட்டு மட்டும் இன்னும் தனி.

அண்ணன் தங்கை என்று பூனைக்கு முறை கிடையாது. பெட்டைக்கு நாலு மாதத்திலேயே பருவம் வந்துவிடலாம், கடுவனும் சீக்கிரமே தயாராகிவிடும். அதனால் கருத்தடை அறுவைக்கு இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். கடுகுக்கு எடை போதாது, இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றார் டாக்டரம்மா. பூசணிக்கு முதலில் செய்துவிடலாம், அவனுக்கு அடுத்த வியாழக்கிழமை. முந்தின ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்த வேண்டுமாம், அவனை எப்படி நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.